பன்னிரண்டு பி.பி.டி. உப்பு

மரக்காணத்தை ஒட்டி, கடலுக்கும் கிழக்குக் கடற்கரைச் சாலைக்கும் நடுவில் இறால் குஞ்சு பொரிக்கும் ஹேச்சரிகள் வரிசையாக இருக்கின்றன. ஸ்கேம்பி என்னும் நன்னீர் இறாலின் குஞ்சு வாங்க உள்நாட்டிலிருந்து வரும் விவசாயி எவரானாலும் தொட்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஒரே கேள்வியைத்தான் கேட்பார்: "நல்ல தண்ணியில வளர்ற எறாலுக்குக் கடக்கரையில எதுக்கு சார் ஹேச்சரி?" இந்தத் தொழிலில் நான் கழித்த காலம் முழுவதும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறேன். ஒரு டம்ளர் டீ குடிக்கும் நேரத்தில் சொல்லி முடிக்கிற பதில் அல்ல அது.

ஸ்கேம்பி ஆற்றிலும் ஏரியிலும் வாய்க்காலிலும் வளரும். ஆனால் அதன் பொரித்த குஞ்சை ஆற்றுத் தண்ணீரிலேயே வைத்திருந்தால் நாலைந்து நாளில் தொட்டியில் ஒன்றும் மிஞ்சாது. தீனி, காற்று, வெப்பம் எல்லாம் சரியாக இருந்தாலும் சாகும். உப்பு இல்லை என்பதுதான் காரணம். இதை உலகம் அறிந்தது 1960களின் தொடக்கத்தில். மலேசியாவில் பினாங்கில் ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் நிபுணராக இருந்த ஷாவ்-வென் லிங், குஞ்சு ஏன் சாகிறது என்று புரியாமல் தவித்துக்கொண்டிருந்தார். சமையலறையில் இருந்ததையெல்லாம் ஒவ்வொரு குவளையிலும் போட்டுப் பார்த்தபோது, சோயா சாஸ் ஊற்றிய குவளையில் மட்டும் குஞ்சுகள் பிழைத்திருந்ததாக இந்தத் தொழிலில் ஒரு கதை உண்டு. சாஸில் இருந்த உப்புதான் வழிகாட்டியது. அங்கிருந்து 1965இல் தாய் இறால்களை ஹவாய்க்குக் கொண்டுபோன தக்குஜி ஃபுஜிமுரா, பெருமளவில் குஞ்சு வளர்க்கும் முறையை உருவாக்கினார். இன்று எந்த ஊரில் ஸ்கேம்பி குஞ்சு வாங்கினாலும் அதன் வேர் இந்த இருவரிடம் போய்ச் சேரும்.

நான் முதலில் இறங்கிய வேலை ஹேச்சரிக்குள் அல்ல, கொள்ளிடத்தில். வடகிழக்குப் பருவமழை தொடங்கி ஆற்றில் கலங்கல் வந்ததும் சினை இறால் தேடிப் போவோம். அங்கே அதிகம் கிடைப்பது ஸ்கேம்பியின் ஒன்றுவிட்ட உறவான மேக்ரோபிராக்கியம் மால்கம்சோனி. வலை வீசும் பெரியவர் ஒருவர், முட்டையின் நிறத்தை வைத்தே அது எத்தனை நாளில் பொரியும் என்று சொல்லிவிடுவார். புது முட்டை ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். நாளாக ஆகப் பழுப்பாகி, பொரிக்கிற நேரத்தில் சாம்பல் நிறத்துக்கு வந்து, உள்ளே குஞ்சின் கண் புள்ளியாகத் தெரியும். "தம்பி, சாம்பலானத மேல தேடாத. அது வெள்ளத்தோட கீழ போயிருக்கும். உப்பங்கழிகிட்ட பாரு" என்பார். உப்புக்கும் குஞ்சுக்கும் உள்ள தொடர்பை விஞ்ஞானி கண்டுபிடிக்கும் முன்பே தாய் இறாலின் போக்கைக் கவனித்துத் தெரிந்துவைத்திருந்தவர்கள் இவர்கள். பிடித்த தாயின் தலைக் கொம்பில் சின்ன ரப்பர் குழாயைச் செருகி, பிளாஸ்டிக் பையைக் குத்திக் கிழிக்காதபடி செய்து, ஆக்சிஜன் நிரப்பிக் கொண்டுவருவோம்.

தாய்க்கு நல்ல தண்ணீர் எப்படிச் சரிப்படுகிறது, குஞ்சுக்கு ஏன் சரிப்படவில்லை? இதைப் புரிந்துகொண்ட பிறகுதான் என் வேலை நிதானத்துக்கு வந்தது.

ஸ்கேம்பியின் ரத்தத்தில் உள்ள உப்பு, கடல் தண்ணீரின் உப்பில் ஏறக்குறையப் பாதி. ஆற்றில் உப்பு கிட்டத்தட்ட இல்லை. அதனால் ஆற்றில் இருக்கும் இறாலுக்கு இரவும் பகலும் இரண்டு தொல்லைகள். வெளித் தண்ணீர் செவுள் வழியாக உள்ளே புகுந்துகொண்டே இருக்கும். உள்ளிருக்கும் உப்பு வெளியே கசிந்துகொண்டே இருக்கும். புகுந்த தண்ணீரை அது சிறுநீராக வெளியேற்ற வேண்டும். மேல்நாட்டு ஆறுகளில் வாழும் கிரேஃபிஷ், சிறுநீரிலிருந்து உப்பைத் திரும்ப உறிஞ்சிக்கொண்டு வெறும் தண்ணீராக விடும். நம் இறாலுக்கு அந்த வித்தை இல்லை. அதன் சிறுநீர் ரத்தத்தைப் போலவே உப்பாக இருக்கும். போன உப்பையெல்லாம் உப்பே இல்லாத ஆற்றுத் தண்ணீரிலிருந்து செவுள்தான் பொறுக்கிச் சேர்க்க வேண்டும். செவுளின் மெல்லிய தோலில் சோடியம்-பொட்டாசியம் பம்ப் என்று சொல்லப்படும் நொதி அதற்காக ஓயாமல் உழைக்கிறது. தின்கிற தீனியில் ஒரு பங்கு இதற்கே செலவாகிறது. ஆறு வற்றிக் கிடந்தாலும் வெள்ளம் வந்தாலும் ரத்தத்தின் உப்பு பெரிதாக மாறாமல் காத்துக்கொள்ளும் இந்தத் திறமையை நினைக்கும்போது எனக்கு இன்றும் அந்தப் பிராணியின் மேல் மரியாதை வருகிறது.

குஞ்சுக்குச் செவுளே இன்னும் சரியாக முளைக்கவில்லை. உடம்பும் ஊசி முனையளவு. கசிவைத் தாங்கும் இருப்பு அதனிடம் இல்லை. அதனால்தான் குஞ்சுத் தொட்டியில் 12 பி.பி.டி., அதாவது லிட்டருக்கு 12 கிராம் உப்பு. ரத்தத்தின் உப்புக்குப் பக்கத்தில் தண்ணீரின் உப்பை வைத்துவிட்டால் உள்ளே புகுவதும் வெளியே கசிவதும் குறைந்து, குஞ்சு தன் பலத்தை வளர்வதற்குச் செலவிடும். ஆனால் இந்த எண்ணையும் எல்லா இறாலுக்கும் பொதுவாக்க முடியாது. கொள்ளிடத்து மால்கம்சோனிக் குஞ்சு 18 முதல் 20 கேட்கும். குளத்திலேயே பிறந்து குளத்திலேயே முடிகிற சின்ன இறால் வகைகளும் உண்டு. அவை கொஞ்சம் முட்டைதான் இடும், ஆனால் பெரிய முட்டை. குஞ்சு தன் கடினமான பருவங்களை முட்டைக்குள்ளேயே கழித்துவிட்டுக் கிட்டத்தட்ட முழு இறாலாக வெளியே வரும். ஸ்கேம்பி ஆயிரக்கணக்கில் பொடி முட்டை இடுவதால், அந்தப் பருவங்களை வெளியே, உப்புத் தண்ணீரில் கழிக்கவேண்டியிருக்கிறது. புது வகை இறால் எதையாவது யாராவது கொண்டுவந்து காட்டினால் முதலில் அதன் முட்டையின் பருமனைத்தான் பார்ப்பேன். அதற்கு எவ்வளவு உப்பு வேண்டியிருக்கும் என்று பாதி தெரிந்துவிடும்.

ஹேச்சரியில் குஞ்சு பதினொரு பருவம் கடக்கும். ஒவ்வொரு பருவத்துக்கும் ஒருமுறை தோல் கழற்றும். தலைகீழாக, வால் முன்னே போகும்படி நீந்தும். காலையில் ஆர்ட்டீமியா என்னும் பொடி உயிர், மத்தியானம் முட்டைக் கஸ்டர்ட், இரவில் மறுபடி ஆர்ட்டீமியா. நான்கைந்து வாரத்தில் ஒருநாள் விடியற்காலையில் டார்ச் அடித்துப் பார்த்தால், அதுவரை தலைகீழாக மிதந்த கூட்டத்தில் சில, நிமிர்ந்து தரையில் நடந்துகொண்டிருக்கும். தொட்டிச் சுவரைப் பற்றிக்கொண்டு இருக்கும். அதைத்தான் பி.எல். (போஸ்ட் லார்வா) என்கிறோம். அந்த ஒரு தோல் மாற்றத்தோடு செவுளும் வேலைக்குத் தயாராகிவிடுகிறது. நேற்று வரை நல்ல தண்ணீரில் செத்துப்போகும் பிராணி, இன்று நல்ல தண்ணீரைத் தேடுகிறது. ஆற்றுமுகத்தில் இதே வயதில்தான் அது நீரோட்டத்தை எதிர்த்து ஏறத் தொடங்கும்.

இந்த இடத்தில்தான் பல ஹேச்சரிகள் அவசரப்பட்டன. பி.எல். எந்தத் தண்ணீரையும் தாங்கும் என்று சொல்லி, லாரி வாசலில் நிற்க, இரண்டு மணி நேரத்தில் 12ஐப் பூஜ்யத்துக்கு இறக்கிப் பையில் கட்டிவிடுவார்கள். எண்ணிக் கொடுக்கும்போது எல்லாம் உயிரோடுதான் இருக்கும். குளத்தில் விட்ட மூன்றாம் நாள் விவசாயி போன் செய்வார். பம்புகளைக் கூட்டிக்கொள்ள உடம்புக்கு நேரம் வேண்டும்; அதுவும் அன்றைக்குத் தோல் கழற்றிய குஞ்சுக்கு உடம்பு முழுவதும் மெல்லிய தோல், கசிவு பல மடங்கு. நான் பார்த்துக்கொண்ட தொட்டிகளில் மாலையில் நல்ல தண்ணீரைச் சொட்ட விட்டால் மறுநாள் காலையில்தான் பூஜ்யத்துக்கு வரும். வாங்குகிறவரின் குளத்துத் தண்ணீரை ஒரு பாட்டிலில் முன்கூட்டியே கொண்டுவரச் சொல்வேன். அதில் லேசாக உப்பு இருந்தால் அந்த அளவிலேயே நிறுத்திப் பை கட்டுவோம். வீண் நேரம் என்று முதலாளிகள் சொல்வார்கள். அடுத்த பருவத்துக்கு அதே விவசாயி திரும்பி வந்தார் என்பதுதான் நான் அவர்களுக்குக் காட்டிய கணக்கு.

தண்ணீரில் எவ்வளவு உப்பு என்று ரிஃப்ராக்டோமீட்டர் சொல்லும். என்ன உப்பு என்று சொல்லாது. இதை எனக்கு நன்றாகப் புரியவைத்தது கடலிலிருந்து வெகுதூரத்தில், மேற்கு மாவட்டம் ஒன்றில் தொடங்கப்பட்ட ஒரு ஹேச்சரி. டேங்கரில் கடல் தண்ணீர் கொண்டுவரும் செலவை மிச்சப்படுத்த, மூட்டை மூட்டையாகக் கடை உப்பைக் கரைத்து 12 காட்டும்படி செய்துவிட்டார்கள். குஞ்சு முதல் இரண்டு பருவம் நன்றாகத்தான் போயிருக்கிறது. பிறகு தோல் கழற்றும்போது பாதியில் மாட்டிக்கொண்டு சாகத் தொடங்கியது. என்னை அழைத்துப் போய்க் காட்டினார்கள். தொட்டியடியில் பழைய தோலிலிருந்து கால்கள் விடுபடாத குஞ்சுகள் குவிந்து கிடந்தன.

கடல் தண்ணீர் லிட்டருக்கு 35 கிராம் உப்பு என்றால், அதில் 30 கிராம் சோடியமும் குளோரைடும். மீதியில்தான் சூட்சுமம்: மக்னீசியம் 1.3 கிராம், கால்சியமும் பொட்டாசியமும் தலா 0.4 கிராம். செவுளில் உள்ள பம்ப் ஓடப் பொட்டாசியமும் மக்னீசியமும் வேண்டும். புதுத் தோல் இறுகக் கால்சியம் வேண்டும். கடை உப்பில் இவை அற்பம். அவர்களுக்கு நான் சொன்ன வழி மரக்காணத்து உப்பளம். முதல் பாத்திகளில் நிற்கும் தண்ணீர் கடலைப்போல மூன்று மடங்கு உப்பு ஏறியதும், உப்பளக்காரர் கணக்கில் டிகிரி பத்து வாக்கில், எடுத்துவிட வேண்டும். ஒரு குடத்துக்கு ஏழெட்டுக் குடம் நல்ல தண்ணீர் சேர்த்தால் 12 வந்துவிடும். டேங்கர் செலவும் மூன்றில் ஒரு பங்காகும். அதற்கு மேல் காய விட்டால் ஜிப்சம் படிந்து கால்சியம் தரையோடு போய்விடும். டிகிரி இருபத்தைந்தில் உப்பே படியத் தொடங்கும். மிஞ்சும் கசப்புத் தண்ணீரில் மக்னீசியம் மட்டும் மிதமிஞ்சிப் போகும். உப்பளத்தில் பாத்தி பார்க்கும் தொழிலாளிக்கு இந்த வரிசை தலைகீழ்ப் பாடம். அவரிடம் கேட்டு நான் கற்றது எந்த வகுப்பிலும் கிடைக்காதது.

குளத்தில் வளரும் பெரிய இறாலுக்கு உப்பு வேறு விதமாகக் கை கொடுக்கும், வேறு விதமாகக் கெடுக்கும். 10 பி.பி.டி. வரை ஸ்கேம்பி பெரிதாக முகம் சுளிக்காது. 17, 18 வந்தால் ரத்தமும் தண்ணீரும் சமம். அதைத் தாண்டினால் இப்போது தண்ணீர் உடம்பை விட்டு வெளியே போகும், உப்பு உள்ளே வரும். சேர்க்கத் தெரிந்த செவுளுக்கு, அள்ளி வெளியே கொட்டும் வேலை அவ்வளவாக வராது. வளர்ச்சி நின்று, கடல் உப்பை நெருங்க நெருங்கத் தளர்ந்துவிடும். அதற்கு முன்பே தசைக்குள் ஒரு மாற்றம் நடக்கும். செல்கள் சுருங்காமல் இருக்க கிளைசின், அலனின் போன்ற அமினோ அமிலங்களைத் தசை சேர்த்து வைத்துக்கொள்ளும். இவை நாக்கில் இனிப்பவை. கழிமுகத்து இறாலைக் கூடையில் வைத்து விற்கும் அம்மாவிடம் பேரம் பேசிப் பாருங்கள்: "ஆத்து எறா இல்லய்யா இது, உப்புத் தண்ணி எறா, தித்திக்கும்" என்று விலையை விடமாட்டார். அந்த ருசி அந்த இறால் உப்போடு போராடிய போராட்டத்தில் பிறந்தது.

நல்ல தண்ணீர்க் குளத்தில் தீனி மீந்து அழுகினால் நைட்ரைட் சேரும். குளோரைடுக்காக ஏங்கி நிற்கும் செவுள், நைட்ரைட்டையும் குளோரைடு என்று எண்ணி உள்ளே இழுத்துவிடும். வெளியே குளோரைடு தாராளமாக இருந்தால் அந்த மயக்கம் குறையும். அதனால் நைட்ரைட் ஏறிய குளங்களில் தண்ணீர் மாற்ற வழியில்லாதபோது சாதா உப்பை மூட்டைக் கணக்கில் கரைத்து விடச் சொல்வேன். கடை உப்பு குஞ்சுத் தொட்டியில் பாழாக்கியது, இங்கே காப்பாற்றியது. மருந்துக் கடையில் விற்கும் பல பொட்டலங்களைவிட இது நம்பகமானது என்பது என் தீர்மானமான கருத்து.

1994, 95இல் வெள்ளைப்புள்ளி நோய் கருவண்டு இறாலை அழித்ததும், 1996 டிசம்பரில் கடலோர இறால் பண்ணைகளுக்கு எதிராக உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்ததும் நெல்லூர்ப் பக்கத்து விவசாயிகள் கூட்டமாக ஸ்கேம்பிக்கு மாறினார்கள். எங்கள் ஹேச்சரிகளில் இடமில்லாமல் போனது. ஆற்றுக்குப் போய்த் தாய் தேடுவது நின்று, குளத்தில் வளர்ந்த இறாலையே திரும்பத் திரும்பத் தாயாக்கினார்கள். ரத்த உறவு நெருங்க நெருங்க வளர்ச்சி குன்றியது. 2000க்குப் பிறகு வெண்வால் நோய் வந்து பி.எல். தொட்டி தொட்டியாக வெளுத்துச் செத்தது. மேல்விஷாரத்தில் அப்துல் ஹக்கீம் கல்லூரியின் சாகுல் ஹமீது குழுவினர் அந்த வைரஸை ஆராய்ந்து சோதனை முறைகளைத் தந்தார்கள். 2009இல் வனாமி என்ற கடல் இறால் வந்ததும் ஸ்கேம்பி ஹேச்சரிகளில் பெரும்பாலானவை பெயர்ப் பலகையை மாற்றின. இப்போது புவனேஸ்வரத்தில் உள்ள மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு நிறுவனம் தேர்வு முறையில் நல்ல ரக ஸ்கேம்பியை உருவாக்கித் தருகிறது. விட்ட இடத்தைப் பிடிக்க அது ஒரு வழி.

வனாமிக்கு மாறிய பிறகும் எனக்குப் பழைய பாடம்தான் உதவியது, எதிர்ப்பக்கத்திலிருந்து. அது கடல் பிராணி, 25 பி.பி.டி. அருகே அதன் ரத்தமும் தண்ணீரும் சமமாகும். அதை 3, 4 பி.பி.டி. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் வளர்த்தார்கள். சில குளங்களில் இறால் வில்லாக வளைந்து விறைத்துச் செத்தது. சோதித்தால் பொட்டாசியம் இல்லை. கடலில் சோடியம் 28 பங்கு என்றால் பொட்டாசியம் ஒரு பங்கு. நிலத்தடி நீரைக் களிமண் வடிகட்டும்போது பொட்டாசியத்தைப் பிடித்துக்கொள்ளும். வயலுக்குப் போடும் பொட்டாஷ் உரத்தைக் கரைத்து விட்டதும் விறைப்பு நின்றது. மேற்கு மாவட்டத்துக் குஞ்சுத் தொட்டியும் இந்தக் குளமும் ஒரே நோயின் இரண்டு முகங்கள்.

ஹேச்சரிகள் எத்தனை வந்தாலும் ஆற்று இறாலுக்கு ஈடில்லை. அது குறைந்துவருவதை என் கண்ணால் பார்த்தேன். கேரளத்தில் வேம்பநாட்டுக் காயலில் 1970களில் கட்டப்பட்ட தண்ணீர்முக்கம் தடுப்பணையின் கதவுகளை, உப்பு ஏறாமல் இருக்கக் கோடைப் பயிருக்காக மூடுகிறார்கள். ஆற்றுக்கொஞ்சு என்று அங்கே கொண்டாடப்படும் ஸ்கேம்பி, குஞ்சு பொரிக்க உப்பு நோக்கி இறங்கவும் பி.எல். மேலே ஏறவும் அது தடை. கொள்ளிடத்திலும் கீழணை முதல் ஆதனூர்-குமாரமங்கலம் கதவணை வரை தடுப்புகள் இருக்கின்றன. உழவனுக்கு அவை தேவை, அதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள்: பொரித்த குஞ்சுக்கு நல்ல தண்ணீரில் இருக்கும் ஆயுள் சில நாள்தான். ஆறு ஓடினால் அந்த நாட்களுக்குள் அது உப்பைச் சேர்ந்துவிடும். அணைக்குப் பின்னால் தேங்கிய தண்ணீரில் பொரித்தால் அங்கேயே முடிந்துவிடும். ஏறி வரும் பி.எல். இரவில் அணைச் சுவரின் ஈரத்தைப் பற்றி நகர்வதை நான் டார்ச் வெளிச்சத்தில் பார்த்திருக்கிறேன். காய்ந்த சிமெண்டில் அதனால் ஏற முடியாது.

அணைக் கதவுகளைப் பார்த்துக்கொள்பவர்களே, ஐப்பசி, கார்த்திகையில் ஆற்றில் தண்ணீர் மிகுந்திருக்கும்போது ஒரு கதவையாவது தரையோடு திறந்து ஓட விடுங்கள். அணையின் ஓரத்தில் எப்போதும் ஈரமாக இருக்கும் ஒரு சரிவுப் பாதை கட்டுங்கள். கருங்கல் பதித்த சிறு வாய்க்கால் போதும். வலை வீசும் நண்பர்களே, சாம்பல் முட்டையோடு சிக்கும் இறாலை அந்த இரண்டு மாதமும் கழிமுகத்தில் திரும்ப விடுங்கள். ஒரு தாயின் வயிற்றில் பல்லாயிரம் குஞ்சுகள் இருக்கின்றன; அடுத்த வருஷம் உங்கள் வலைக்கு வரவேண்டியவை அவை.